பே ஏரியா கம்யூனிட்டி காலேஜில் எல்.வி.என். டு ஆர்.என்.: பாடத்துக்கு ஐந்து ஸ்டார், ஆபீஸுக்கு இரண்டு

கலிஃபோர்னியாவில் எல்.வி.என். (லைசென்ஸ்டு வொகேஷனல் நர்ஸ், ஆர்.என். என்கிற ரெஜிஸ்டர்டு நர்ஸுக்கு ஒரு படி கீழே) லைசென்ஸை வைத்துக்கொண்டு நர்சிங் ஹோமில் மருந்து வண்டி தள்ளும் தமிழ்ப் பெண்கள் நான் நினைத்ததைவிட அதிகம் போலிருக்கிறது. "ஆர்.என். பண்ணணும், ஆனா எங்கே, எவ்வளவு ஆகும், வேலையை விடணுமா" என்று கேட்டு மெசேஜ் வந்துகொண்டே இருக்கிறது, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி முடியவில்லை, அதனால் மொத்தமாக ஒரு ரிவ்யூ. நான் படித்தது சான் ஃபிரான்சிஸ்கோ பே ஏரியாவில் ஒரு அரசு கம்யூனிட்டி காலேஜில், அதாவது இரண்டு வருடக் கல்லூரியில். பெயர் போடவில்லை, கீழே அட்மிஷன் ஆபீஸைக் கொஞ்சம் காட்டமாகவே திட்டியிருக்கிறேன், நன்றாகப் பாடம் நடத்தியவர்கள் தலையில் அது விடிய வேண்டாம். விதிகள், கட்டணம், பரீட்சை எல்லாம் மாநிலம் முழுக்க ஏறக்குறைய ஒன்றுதான், ஆகவே பெயர் இல்லாமலும் உங்களுக்குப் பயன்படும்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. எல்.வி.என். என்ற பெயர் கலிஃபோர்னியாவிலும் டெக்சாஸிலும் மட்டும்தான், மற்ற மாநிலங்களில் அதே வேலைக்கு எல்.பி.என். என்பார்கள். இங்கே எல்.வி.என். ஆக 1,530 மணி நேரப் பயிற்சி வேண்டும், 576 மணி வகுப்பில், 954 மணி கிளினிக்கலில், அதாவது நேரடியாக நோயாளிகளோடு. அதை முடித்தால் மாத்திரை கொடுக்கலாம், ஊசி போடலாம், புண்ணுக்குக் கட்டுப் போடலாம், கத்தீட்டர் வைக்கலாம், தனியாக ஐ.வி. சர்டிஃபிகேட் வாங்கினால் ட்ரிப்ஸ் ஏற்றலாம். ஆனால் ஐ.வி. வழியாக மருந்து செலுத்துவது பொதுவாக நம் எல்லைக்குள் வராது, புதிதாக வந்த நோயாளியை முதலில் முழுசாக மதிப்பிடுவதும் கேர் பிளானை (அவரை எப்படிக் கவனிப்பது என்ற திட்டம்) தொடங்குவதும் ஆர்.என். வேலை. லைசென்ஸ் கொடுக்க எல்.வி.என்.-க்கு ஒரு போர்டு, ஆர்.என்.-க்கு வேறு போர்டு, இரண்டும் சாக்ரமெண்டோவில்தான் இருக்கின்றன, ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். ஊரில் பாலிடெக்னிக் முடித்தவர்கள் லேட்டரல் என்ட்ரியில் நேராக பி.இ. இரண்டாம் வருடத்தில் போய் உட்காருவார்களே, பிரிட்ஜ் ப்ரோக்ராம் அதே ஏற்பாடுதான். முதல் வருட நர்சிங்கைப் படித்ததாகக் கணக்கில் எடுத்துக்கொண்டு, நடுவில் டிரான்சிஷன் கோர்ஸ் என்று ஒன்றை வைத்து, இரண்டாம் வருட மாணவர்களோடு சேர்த்துவிடுவார்கள். முடித்தால் அசோசியேட் டிகிரி, அப்புறம் லைசென்ஸுக்கான என்க்ளெக்ஸ்-ஆர்.என். பரீட்சை.

(இந்த இரண்டு வருட நர்சிங் டிகிரிக்கும் ஒரு கதை இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு அமெரிக்காவில் கடுமையான நர்ஸ் பஞ்சம். 1951-இல் கொலம்பியா பல்கலைக்கழக டீச்சர்ஸ் காலேஜில் மில்ட்ரெட் மான்டாக் என்பவர் தன் ஆராய்ச்சியில், ஆஸ்பத்திரிகள் நடத்தும் மூன்று வருட டிப்ளமாவுக்குப் பதிலாக இரண்டு வருடப் படிப்பை ஜூனியர் காலேஜ்களில் வைக்கலாம் என்றார், மறு வருடமே சில கல்லூரிகளில் சோதித்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். முதல் வாரமே இதைச் சொல்லித்தான் எங்கள் வகுப்பைத் தொடங்கினார்கள். "ரெண்டு வருஷத்துல என்ன நர்ஸ்" என்று கேட்கும் சொந்தக்காரர்களுக்குச் சொல்ல உதவியது.)

காசு விஷயத்தில் யோசிக்கவே வேண்டாம், ஐந்து ஸ்டார். கலிஃபோர்னியா ரெசிடென்ட் என்றால் கம்யூனிட்டி காலேஜில் யூனிட்டுக்கு 46 டாலர். பிரிட்ஜ் பகுதி 20 யூனிட் என்று வைத்துக்கொண்டால் 920 டாலர். வருமானம் குறைவாக இருந்தால் காலேஜ் ப்ராமிஸ் கிராண்ட் என்று ஒன்று உண்டு, அந்த 46 டாலரும் தள்ளுபடி ஆகிவிடும். அதற்குமேல் மத்திய அரசின் உதவித்தொகையான பெல் கிராண்ட் கிடைக்குமா என்று ஃபாஃப்சா ஃபாரம் போட்டுப் பார்த்துவிடுங்கள், நமக்கெல்லாம் கிடைக்காது என்று நீங்களாகவே முடிவு செய்யாதீர்கள். ரெசிடென்ட் ஆக மாநிலத்தில் ஒரு வருடமும் ஒரு நாளும் இருந்ததைக் காட்ட வேண்டும், காட்ட முடியாவிட்டால் கட்டணம் பல மடங்கு ஏறும். இதே படிப்புக்குத் தனியார் கல்லூரிகள் கேட்பது பல பத்தாயிரம் டாலர். ஒரு தனியார் கல்லூரிக்காரர்கள் ஒரு முறை விசாரித்ததற்கே விடாமல் போன் போட்டுக்கொண்டிருந்தார்கள், உடனே சீட் தருகிறோம், காத்திருக்க வேண்டாம் என்று. அவர்கள் விற்பது அந்தக் காத்திருப்பு இல்லாமையைத்தான், அது ஒன்றும் சின்ன விஷயமில்லை, ஏன் என்று கீழே வரும்.

ட்யூஷன் குறைவு என்று சந்தோஷப்படும்போதே மற்ற செலவுகளையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். யூனிஃபார்ம், புத்தகம், சி.பி.ஆர். கார்டு, போதை மருந்து டெஸ்ட், பேக்ரவுண்டு செக், தட்டம்மைக்கும் அம்மைக்கும் எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை, டி.பி. டெஸ்ட், மாஸ்க் ஃபிட்டிங், பார்க்கிங் பெர்மிட், பிறகு ஒரு கம்பெனியின் ஆன்லைன் டெஸ்ட் பேக்கேஜ், இதைக் கட்டாயம் வாங்கியே ஆக வேண்டும். எல்லாம் சேர்ந்தால் ட்யூஷனைத் தாண்டிவிடும். நம் ஊரில் பிறந்தவர்களுக்குக் கூடுதலாக ஒரு தலைவலி, சின்ன வயதில் பி.சி.ஜி. போட்டிருப்போம், தோலில் போடும் டி.பி. டெஸ்ட் சும்மாவே வீங்கிக்கொண்டு நிற்கும், பிறகு எக்ஸ்ரே எடு என்பார்கள். தோல் டெஸ்டுக்குப் பதில் ரத்தத்தில் பார்க்கும் டெஸ்டை ஏற்றுக்கொள்வார்களா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது அட்மிஷன். இந்த ப்ரோக்ராமில் எனக்குப் பிடிக்காதது எல்லாம் வகுப்பறைக் கதவுக்கு வெளியேதான் நடந்தது. முன்தேவைப் பாடங்கள் என்று ஒரு பட்டியல் உண்டு, அனாட்டமி, ஃபிசியாலஜி, மைக்ரோபயாலஜி மூன்றும் லேபோடு, மைக்ரோவுக்கு முன்னால் பெரும்பாலும் ஒரு கெமிஸ்ட்ரி, பிறகு ஆங்கிலக் கட்டுரை, பேச்சுக்கலை, சைக்காலஜி, சோஷியாலஜி. ஆர்.என். போர்டு மொத்தம் 58 செமஸ்டர் யூனிட் கேட்கிறது, 36 நர்சிங், 6 கம்யூனிகேஷன், 16 அறிவியல் வகை. நான் ஊரில் பி.எஸ்சி. விலங்கியல் படித்தவள், தவளையிலிருந்து முயல் வரை அறுத்துப் பார்த்திருக்கிறேன், மதிப்பீட்டு நிறுவனத்துக்குப் பணம் கட்டி டிரான்ஸ்க்ரிப்ட்டை அனுப்பியும் அறிவியல் பாடம் ஒன்றுகூட எடுபடவில்லை. சரி, மறுபடியும் படிக்கலாம் என்றால் அனாட்டமி வகுப்பில் இடம் கிடைக்காது. ஏற்கெனவே நிறைய யூனிட் முடித்தவர்களுக்கு முன்னுரிமை கொடுத்துப் பதிவு திறப்பார்கள், நம் முறை வரும்போது லேப் நிறைந்திருக்கும். வெயிட்லிஸ்டில் பெயரைப் போட்டுவிட்டு முதல் நாள் வகுப்பில் போய் நின்றுவிடுங்கள், வராதவர்கள் இடத்தை ப்ரொஃபசர் அங்கேயே கொடுத்துவிடுவார். பக்கத்துக் கவுண்டி காலேஜிலும் தேடுங்கள், ஒரு கம்யூனிட்டி காலேஜில் படித்த அனாட்டமியை இன்னொன்று பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும்.

அப்புறம் டீஸ் என்ற நுழைவுப் பரீட்சை. வாசிப்பு, கணக்கு, அறிவியல், ஆங்கிலம், மொத்தம் 170 கேள்வி, 209 நிமிடம். இங்கே பல கம்யூனிட்டி காலேஜ்கள் கேட்பது 62 சதவீதம்தான், ஆனால் அது கதவைத் திறக்க மட்டும். பல இடங்களில் புள்ளி முறையில் ஆள் எடுக்கிறார்கள், டீஸ் மதிப்பெண், அறிவியல் பாட கிரேடு, வேலை அனுபவம், ஆங்கிலம் தவிர இன்னொரு மொழி தெரிந்தால் அதற்குக்கூடப் புள்ளி சில இடங்களில் உண்டு. தமிழுக்குக் கிடைக்குமா என்று விசாரியுங்கள், பட்டியலில் எந்தெந்த மொழி என்பது கல்லூரிக்குக் கல்லூரி வேறு. சில கல்லூரிகளில் சுத்தமாகக் குலுக்கல், நான்கு பாயின்ட் ஜி.பி.ஏ. வைத்திருப்பவரும் அதிர்ஷ்டத்தை நம்பி உட்கார வேண்டியதுதான்.

இதில் எல்.வி.என்.-களுக்கு மட்டும் ஒரு வினோதம். பல காலேஜ்களில் நமக்கென்று தனி சீட் கிடையாது, இடமிருந்தால் எடுப்போம் என்பார்கள். இடம் எப்படி வரும்? முதல் வருட மாணவர்களில் யாராவது ஃபெயில் ஆக வேண்டும், அல்லது விட்டுவிட்டுப் போக வேண்டும். அதாவது அடுத்தவர் விழுந்தால்தான் நமக்கு நாற்காலி. வகுப்பில் சேர்ந்த பிறகு பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள், "உன் இடத்துல முன்னாடி இருந்தவ என் ஃப்ரெண்டு" என்று சொல்லும்போது என்ன முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியாது. சில காலேஜ்கள் கோடையில் எல்.வி.என்.-களுக்கு மட்டுமாகத் தனி பேட்ச் நடத்துகின்றன, அப்படி ஒன்று உங்கள் பக்கம் இருந்தால் கூடுதலாக அரை மணி நேரம் வண்டி ஓட்டியாவது அங்கே போங்கள்.

எங்கள் ஆபீஸ் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு கவுன்சலர் சைக்காலஜி ஒன்று போதும் என்றார், அடுத்த முறை இருந்தவர் மனித வளர்ச்சி பற்றிய சைக்காலஜியும் வேண்டும் என்றார், வெப்சைட்டில் இருந்த பட்டியல் இரண்டு பேர் சொன்னதோடும் ஒத்துப்போகவில்லை. அனுப்பிய டிரான்ஸ்க்ரிப்ட் வந்து சேரவில்லை என்று கடைசி வாரத்தில் மெயில், போன் செய்தால் வாய்ஸ்மெயில் நிறைந்துவிட்டது என்று ஒரு குரல். ஜன்னலில் உட்கார்ந்திருந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை, ஆள் போதவில்லை, அது பார்த்தாலே தெரிகிறது. ஆனால் விண்ணப்பத்தில் ஒரு தாள் குறைந்தால் ஒரு முழுச் சுற்றே போய்விடும் என்கிற இடத்தில் இப்படி இருப்பதை மன்னிக்க முடியவில்லை. எதையும் வாய்மொழியாக நம்பாதீர்கள், கவுன்சலர் சொன்னதை மெயிலில் எழுதி வாங்குங்கள், டிரான்ஸ்க்ரிப்ட் போய்ச் சேர்ந்ததற்கு ரசீது கேளுங்கள். நான் கொடுத்த இரண்டு ஸ்டாரில் ஒன்று, கடைசியாக என் ஃபைலை எடுத்துப் பார்த்து அன்றைக்கே முடித்துக்கொடுத்த ஒரு வயதான அம்மாவுக்கு.

உள்ளே போய்விட்டால் வேறு உலகம். டிரான்சிஷன் கோர்ஸை நான் ஒரு சம்பிரதாயம் என்றுதான் நினைத்துப் போனேன், வருடக்கணக்காக மருந்து கொடுத்தவர்களுக்கு என்ன புதிதாகச் சொல்லப் போகிறார்கள் என்று வகுப்பில் எல்லோருக்கும் ஒரு மிதப்பு. அதை எடுத்த ப்ரொஃபசர் அம்மா தானும் எல்.வி.என். ஆக இருந்து வந்தவர். முதல் வகுப்பில் ஒரு கேஸ் போட்டார்: இதயம் பலவீனமான பெரியவர், கால் வீக்கம், ஃபியூரோசிமைடும் (நீரை வெளியேற்றும் மருந்து) டிஜாக்சினும் (இதய மருந்து) காலையில் கொடுக்க ஆர்டர், நாடித்துடிப்பு 68, ரத்த அழுத்தம் சரி. "கொடுப்பீங்களா?" என்றார். எல்லோரும் கொடுப்போம் என்றோம், நாடி 60-க்கு மேல் இருக்கிறதே. "பொட்டாசியம் எவ்வளவுன்னு யாரும் கேக்கலையே" என்றார். போர்டில் 2.9 என்று எழுதினார். 3.5-க்குக் கீழேயே குறைவு, ஃபியூரோசிமைடு அதை இன்னும் சிறுநீரில் இறக்கும், பொட்டாசியம் குறைந்த உடம்பில் டிஜாக்சின் விஷமாக வேலை செய்து இதயத் துடிப்பைக் குழப்பிவிடும். நாங்கள் எல்லோரும் அந்த இரண்டு மருந்தையும் ஆயிரம் தடவை கொடுத்தவர்கள், தனித்தனியாகக் கேட்டிருந்தால் இந்த மூன்று விஷயத்தையும் சொல்லியிருப்போம். லேப் ரிசல்ட்டைத் தேடிப் பார்ப்பது, இரண்டையும் நிறுத்திவைப்பது, ஈ.சி.ஜி.யைப் பார்ப்பது, டாக்டரைக் கூப்பிட்டு இன்னது வேண்டும் என்று கேட்பது, இது நம் தலையில் இல்லை, ஏனென்றால் அது இதுவரை பக்கத்து டெஸ்கில் இருந்த ஆர்.என். தலையில் இருந்தது.

இந்த ப்ரோக்ராமின் சாரமே இதுதான் என்பேன். கையை அவர்கள் தொடுவதே இல்லை, கை ஏற்கெனவே வேலை செய்யும் என்று விட்டுவிடுகிறார்கள், யோசிக்கும் வரிசையைத்தான் மாற்றுகிறார்கள். எல்.வி.என். பரீட்சையில் சந்தேகம் வந்தால் "சார்ஜ் நர்ஸிடம் சொல்", அதாவது ஷிஃப்டுக்குப் பொறுப்பான நர்ஸிடம் சொல் என்பது பல நேரம் சரியான விடை. ஆர்.என். பரீட்சையில் அந்த சார்ஜ் நர்ஸ் நீங்கள்தான், டாக்டரைக் கூப்பிடு என்பதுகூட, நீங்கள் ஏதாவது செய்ய வேண்டியது மிச்சமிருந்தால், தப்பான விடை. நான்கு நோயாளிகளைக் கொடுத்து யாரை முதலில் போய்ப் பார்ப்பாய், எந்த வேலையை உதவியாளரிடம் கொடுப்பாய், எதை எல்.வி.என்.-இடம் கொடுப்பாய் என்று கேட்பார்கள். நிலையை மதிப்பிடுவது, நோயாளிக்குக் கற்றுக்கொடுப்பது, பலன் கிடைத்ததா என்று பார்ப்பது, இந்த மூன்றையும் யாரிடமும் தள்ளிவிடக் கூடாது. எல்.வி.என்.-ஆக இருந்துகொண்டு எல்.வி.என்.-க்கு என்ன வேலை கொடுக்கலாம் என்று பதில் எழுதுவதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆஸ்பத்திரி வாசனையே தெரியாத இருபது வயதுப் பிள்ளைகள் இந்தக் கேள்விகளில் எங்களைவிட நன்றாகச் செய்தார்கள், அவர்களுக்கு மறக்க வேண்டியது எதுவும் இல்லை. படுக்கைப் புண்ணுக்குக் கட்டுப் போடும் இடத்தில் நாங்கள் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தோம், ஆக வகுப்பில் ஒரு பண்டமாற்று நடந்தது.

கிளினிக்கல் பற்றி. கலிஃபோர்னியாவில் ஆர்.என். படிப்புக்கு நேரடியாக நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் கிளினிக்கல் குறைந்தது 500 மணி நேரம் இருக்க வேண்டும், மெட்-சர்ஜ் (பொது மருத்துவமும் அறுவை சிகிச்சையும்), மகப்பேறு, குழந்தைகள், மனநலம், முதியோர் என்று ஐந்து பிரிவும் வர வேண்டும். பிரிட்ஜில் வருபவர்களுக்கு இதில் ஒரு பகுதி ஏற்கெனவே கழிந்திருக்கும். மனநலப் பிரிவுதான் என்னைக் கட்டிப்போட்டது. நர்சிங் ஹோமில் மறதி நோயோடு கத்துபவர்களைப் பார்த்திருக்கிறேன், ஆனால் உட்கார்ந்து, ஒரு வேலையும் செய்யாமல், ஒருவர் பேசுவதைக் கேட்பதும் நர்சிங் என்று அங்கேதான் பழகினேன், கை பரபரத்துக்கொண்டே இருந்தது. மெட்-சர்ஜ் கிளினிக்கல் காலை ஆறரைக்கு ஆரம்பம், அதற்குமுன் நோயாளியின் ரிப்போர்ட்டைப் படித்து ஒவ்வொரு மருந்தும் ஏன் என்று சொல்லத் தயாராக இருக்க வேண்டும், தெரியவில்லை என்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், நிஜமாகவே அனுப்புவார்கள். கடைசி செமஸ்டரில் ப்ரிசெப்டர்ஷிப், ஒரு ஆர்.என்.-ஓடு ஒட்டிக்கொண்டு அவர் ஷிஃப்டையே முழுசாகச் செய்வது, எங்கே போடுகிறார்கள் என்பது அதிர்ஷ்டம். டிகிரி வாங்கியதும் அதே வார்டில் வேலைக்கு எடுத்துக்கொள்வதும் நடக்கிறது, ஆகவே அங்கே ஒழுங்காக நடந்துகொள்ளுங்கள்.

கேர் பிளான் எழுதுவது சித்திரவதை. பக்கம் பக்கமாக, ஒவ்வொரு நோயாளிக்கும், வேலையில் யாரும் இப்படி எழுதுவதில்லை என்று எல்லோருக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். சிம் லேப் (பொம்மை நோயாளியை வைத்துப் பழகும் இடம்) பிரமாதம், பொம்மை பேசும், வியர்க்கும், நாடி இறங்கும், நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே செத்தும் போகும், பிறகு எல்லோரும் உட்கார்ந்து வீடியோவைப் போட்டு அக்கக்காகப் பிரிப்போம். ஆனால் ஸ்கில்ஸ் லேப் திறந்திருக்கும் நேரம் எல்லாம் பகலில், வேலைக்குப் போகிறவர்கள் எப்போது போய்ப் பழகுவது என்று யாரும் யோசிக்கவில்லை, இதற்கு ஒரு ஸ்டார் குறைக்கலாம். மருந்துக் கணக்குப் பரீட்சை தனி, தொண்ணூறு சதவீதத்துக்குக் குறைந்தால் ஃபெயில், இரண்டாவது வாய்ப்பிலும் வராவிட்டால் ப்ரோக்ராமிலிருந்தே வெளியே. கணக்கு நமக்குக் கைவந்த கலை என்று அலட்சியமாக இருக்காதீர்கள், பவுண்டைக் கிலோவாக்கி, நிமிடத்துக்கு இத்தனை மைக்ரோகிராம் என்பதிலிருந்து மணிக்கு எத்தனை மில்லி என்பதற்கு வருவதற்குள் ஒரு பூஜ்யம் காணாமல் போகும். எழுத்துப் பரீட்சையில் எழுபத்தைந்து சதவீதம் எடுத்தால்தான் பாஸ், அரைகுறையை மேலே ஏற்றி முழு எண்ணாக்கித் தர மாட்டார்கள், 74.8 என்றால் 74.8.

வேலை பார்த்துக்கொண்டே படிக்க முடியுமா? வாரம் இரண்டு ஷிஃப்ட், அதுவும் சனி ஞாயிறு என்றால் முடியும். முழு நேரம் என்றால் முடியாது, முடித்தவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் முகத்தையும் பார்த்திருக்கிறேன். கிளினிக்கல் அட்டவணை செமஸ்டர் ஆரம்பிக்கும் முன்தான் கையில் கிடைக்கும், நான் வேலை பார்த்த இடத்து ஷெட்யூலர் அதைக் கேட்டதும் பெர் டியம் (தேவைப்படும் நாளுக்கு மட்டும் வேலை) ஆக மாறிக்கொள் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார், அத்தோடு இன்ஷூரன்ஸும் போனது. வீட்டுக்காரர் இன்ஷூரன்ஸில் நுழைய முடியுமா என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். குழந்தைகள் இருந்தால் ஊரிலிருந்து அம்மாவையோ மாமியாரையோ வரவழைப்பது நம் ஆட்களின் வழக்கமான ஏற்பாடு, வரச்சொல்வதென்றால் மெட்-சர்ஜ் செமஸ்டருக்கு வரச்சொல்லுங்கள், டிரான்சிஷன் கோர்ஸுக்கே வரவழைத்து விசா நாளை வீணாக்காதீர்கள்.

குறுக்கு வழிகளைப் பற்றிப் பலர் கேட்டார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே. கலிஃபோர்னியாவில் 30 யூனிட் ஆப்ஷன் என்று சட்டப்படி ஒரு வழி இருக்கிறது, எல்லா ஆர்.என். ப்ரோக்ராமும் எல்.வி.என்.-களுக்கு அதைக் கொடுத்தாக வேண்டும். டிகிரி கிடையாது, குறைந்த பாடம், நேராக என்க்ளெக்ஸ் எழுதலாம், லைசென்ஸும் ஆர்.என். என்றுதான் வரும். ஆனால் அந்த லைசென்ஸை வேறு மாநிலங்கள் ஏற்காமல் போகலாம், பின்னால் டிகிரி வாங்கினாலும் போர்டில் அந்தக் குறிப்பை மாற்ற முடியாது. வீட்டுக்காரர் வேலை டெக்சாஸுக்கு மாறினால் என்ன செய்வீர்கள்? ஐ.டி. குடும்பத்தில் அது எப்போது வேண்டுமானாலும் நடக்கும். இந்த மாநிலத்தை விட்டு அசையவே மாட்டேன், வயதும் ஆகிவிட்டது என்பவர்களுக்கு மட்டும் சரி. இரண்டாவது, கிளினிக்கல் இல்லாமல் வீட்டிலிருந்தே படிப்பது. நியூயார்க்கின் எக்செல்சியர் இதில் பிரபலம், பல மாநிலங்களில் செல்லும், ஆனால் 2003 டிசம்பர் 6-க்குப் பிறகு அங்கே சேர்ந்தவர்களைக் கலிஃபோர்னியா போர்டு ஏற்பதில்லை, இது தெரியாமல் பணம் கட்டிவிடாதீர்கள். மூன்றாவது, "பேப்பர் மட்டும் வாங்கித் தருகிறோம்" வகை. 2023 ஜனவரியில் ஃப்ளோரிடாவில் பிடித்தார்களே, மூன்று நர்சிங் ஸ்கூல்களிலிருந்து 7,600-க்கும் மேற்பட்ட போலி டிப்ளமா, ஆபரேஷன் நைட்டிங்கேல் என்று பெயர். வாங்கியவர்களில் எல்.பி.என்.-களும் உண்டு, அதைக் காட்டி லைசென்ஸ் வாங்கியவர்களைத் தேடிப் பல மாநில போர்டுகளும் கிளம்பின. எந்தக் காலேஜாக இருந்தாலும் ஆர்.என். போர்டின் வெப்சைட்டில் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள், அதே இடத்தில் ஒவ்வொரு காலேஜின் என்க்ளெக்ஸ் தேர்ச்சி விகிதமும் வருடவாரியாகப் போட்டிருக்கும், கவுன்சலர் பேச்சைவிட அது உருப்படியான தகவல். இன்னொன்று, போர்டு அங்கீகாரம் வேறு, தேசிய அக்ரெடிட்டேஷன் வேறு. பின்னால் வி.ஏ. ஆஸ்பத்திரியில் (முன்னாள் ராணுவத்தினருக்கானது) சேரும் ஆசை இருந்தால் இரண்டாவதும் இருக்கிறதா என்று கேளுங்கள்.

என்க்ளெக்ஸ் 2023 ஏப்ரலில் மாறிவிட்டது, பழைய புத்தகத்தை அக்காவிடம் வாங்கிப் படிக்காதீர்கள். இப்போது குறைந்தது 85 கேள்வி, அதிகபட்சம் 150, ஐந்து மணி நேரம், 200 டாலர். சரியாகப் பதில் சொல்லச் சொல்லக் கம்ப்யூட்டர் கஷ்டமான கேள்வியாகக் கொடுக்கும், ஆகவே கேள்வி கடினமாகிக்கொண்டே போனால் பயப்படாதீர்கள். ஒரே நோயாளியைப் பற்றி ஆறு கேள்வி வரும் கேஸ் ஸ்டடிகள் புதிது, எங்கள் காலேஜ் கட்டாயப்படுத்தி வாங்கவைத்த அந்த ஆன்லைன் பேக்கேஜில் இது சுமாராகத்தான் இருந்தது, எல்லோரும் தனியாக வேறு கேள்வி வங்கிக்கும் பணம் கட்டினார்கள். இதில் காலேஜ் மேல்தான் எனக்குக் கோபம். உதவாத பொருளைக் கட்டாயமாக்கக் கூடாது. ஃபெயில் ஆனால் 45 நாள் கழித்துத்தான் மறுபடி எழுத முடியும்.

பலன் என்ன என்று கேட்டால், அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் 2023 மே கணக்குப்படி நாடு முழுக்க எல்.வி.என்./எல்.பி.என். இடைநிலைச் சம்பளம் வருடத்துக்கு 59,730 டாலர், ஆர்.என். 86,070. கலிஃபோர்னியாவில் ஆர்.என். சராசரி 1,37,690 டாலர், வீட்டு வாடகையையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்குச் சம்பளத்தைவிடப் பெரிதாகத் தெரிந்தது நோயாளி எண்ணிக்கை. நர்சிங் ஹோமில் ஒருத்திக்கு இருபது முப்பது பேர், காலை மருந்தை முடிக்கும்போது மதிய மருந்து வந்து நிற்கும். இங்கே ஆஸ்பத்திரிகளுக்கு 2004-இலிருந்து சட்டப்படி விகிதம் உண்டு, மெட்-சர்ஜில் ஒரு நர்ஸுக்கு அதிகபட்சம் ஐந்து பேர், ஐ.சி.யூ.வில் இரண்டு. ஐந்தே பேர் என்று கேட்டபோது விடுமுறை என்றுதான் நினைத்தேன், ஐந்து பேரும் எப்படிப்பட்டவர்கள் என்று பார்த்த பிறகு அந்த எண்ணம் போய்விட்டது. ஆனாலும் ஒருவரின் பெயரை ஷிஃப்ட் முடியும் வரை நினைவில் வைத்திருக்க முடிகிறது.

அசோசியேட் டிகிரியோடு பே ஏரியாவின் பெரிய ஆஸ்பத்திரிகளில் நுழைவது லேசில்லை, பல இடங்களில் பி.எஸ்.என். (நான்கு வருட நர்சிங் டிகிரி) கேட்கிறார்கள், புது ஆர்.என்.-களுக்கான ரெசிடென்சி என்ற பயிற்சி வேலைக்கு ஏகப்பட்ட போட்டி. கொஞ்சம் உள்ளே, சென்ட்ரல் வேலி பக்கம் விண்ணப்பித்தால் சீக்கிரம் கிடைக்கிறது. ஆர்.என். டு பி.எஸ்.என். பெரும்பாலும் ஆன்லைன், கால் ஸ்டேட் (கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம்) கேம்பஸ்கள் பலவற்றில் உண்டு, சில கம்யூனிட்டி காலேஜ்கள் அவர்களோடு கைகோர்த்து ஆர்.என். படிக்கும்போதே அதையும் ஆரம்பிக்க விடுகின்றன. எங்கள் காலேஜிலும் அப்படி ஒன்று இருந்தது, சேர்வதற்கான தேதி முடிந்த பிறகு நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். அதே ஆபீஸ்தான்.